நிழல் ஏன் நகர்கிறது?

கற்றல் நோக்கங்கள்

• உரைநடைப் பகுதியைப் படித்துக் கருத்துணர்தல்
• சிறு குழந்தைகளுடன் வெளியிடங்களுக்குச் செல்லும்போது விளையாட்டின் வழியே கற்கும் முறையை அறிதல்
• வினா எழுத்துகளை இனங்கண்டு பயன்படுத்துதல்

நுழையும் முன்

மாணவர்களே! விடுமுறை நாளில் குடும்பத்துடன் வெளியே சென்று வந்திருப்பீர்கள். வீடு திரும்பிய பின் உங்கள் தம்பியோ தங்கையோ எதைப் பற்றிப் பேசினார்கள்? பெரியவர்கள் காட்டியதைப் பற்றியா, தாமே கண்டதைப் பற்றியா? தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விடுமுறை நாள்களை இப்பாடம் கூறுகிறது. இக்குடும்பம் கற்பனை. அவர்கள் காணும் இடங்களும் அறியும் செய்திகளும் உண்மையானவை.

1. மூன்றாம் மாடி வீடு

தில்லி மாநகரின் கரோல் பாக், கடைத்தெருக்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. அஜ்மல் கான் சாலையின் துணிக்கடைகளையும் கஃபார் சந்தையின் கைப்பேசிக் கடைகளையும் நாடி மக்கள் நாள்தோறும் திரள்கின்றனர். இங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1923ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று, இப்பகுதியின் பூசா சாலையில் அமைந்துள்ளது.

இங்கே ஒரு தெருவில், மூன்றாம் மாடி வீட்டில் ஒரு குடும்பம் வாழ்கிறது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் அக்கா, ஐந்து வயதுத் தம்பி என நால்வர். அக்கா தன் பள்ளியில் தமிழை விருப்பமொழியாகக் கற்கிறாள். தம்பி பேசுவதெல்லாம் இந்தி. வீட்டில் பிறர் தமிழில் கூறுவது அவனுக்குப் புரியும். ஆனால், விடை இந்தியில்தான் வரும். பெற்றோர்க்கு இரு மொழியும் தெரிந்திருந்ததால், அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

டிசம்பர் மாதத்தில் கும்பகோணத்திலிருந்து பாட்டி வந்தார். அவருக்கு இந்தி தெரியாது. பேரன் அருகில் வந்து ஏதோ சொல்வான். பாட்டி அக்காவை நோக்குவார். அக்கா மொழிபெயர்ப்பாள். பாட்டி தமிழில் கூறும் விடையைக் கேட்டுவிட்டு, தம்பி மீண்டும் அக்காவிடமே திரும்புவான். நாளடைவில் பாட்டியிடம் பேசுவதையே அவன் விட்டுவிட்டான்.

பாட்டி குறைபட்டுக்கொள்ளவில்லை. ஓர் இரவு தாயிடம், "பொங்கலுக்கு முன் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் இவன் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்" என்று மட்டும் கூறினார்.

அதைக் கேட்ட அக்கா அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. பாட்டிக்கும் தம்பிக்கும் இடையே தான் ஒரு பாலம் என்று அவள் பெருமைப்பட்டிருந்தாள். தான் குறுக்கே நிற்பதனாலேயே அவ்விருவரும் நேராகப் பேசாமல் இருக்கின்றனரோ என்னும் ஐயம் அவளுக்கு இப்போது எழுந்தது.

2. ஐந்து இடங்களா, இரண்டு இடங்களா?

குளிர்கால விடுமுறை தொடங்கியது. டிசம்பர் இறுதியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத் தந்தை ஒரு பட்டியல் எழுதினார். செங்கோட்டை, ஜந்தர் மந்தர், பொம்மை அருங்காட்சியகம், இரயில் அருங்காட்சியகம், இந்தியா கேட் என ஐந்து இடங்கள் அதில் இருந்தன.

"ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிடலாம்" என்றார் தந்தை.

"நாம் பார்த்துவிடலாம். ஐந்து வயதுக் கால்கள் எத்தனை இடம் நடக்கும்?" என்று தாய் கேட்டார்.

பட்டியலில் இரண்டு இடங்கள் மட்டும் எஞ்சின. அவை ஜந்தர் மந்தரும் பொம்மை அருங்காட்சியகமும் ஆகும். தாய் ஒரு பையில் குடிநீர், ஆரஞ்சுப் பழம், வறுத்த நிலக்கடலை ஆகியவற்றை எடுத்து வைத்தார். பெற்றோரின் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தம்பியின் சட்டைப்பையில் வைத்தார். "வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்த காவலரிடம் இதைக் காட்டு" என்று கூறி, அவனை ஒருமுறை செய்துகாட்டவும் சொன்னார். தம்பி அதை ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினான்.

3. வண்டியில் ஒரு விளையாட்டு

கரோல் பாக் மெட்ரோ நிலையம் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. தில்லி மெட்ரோவில் மூன்று அடிக்கும் குறைவான உயரமுள்ள குழந்தைகள் பெரியவர்களுடன் கட்டணமின்றிச் செல்லலாம். தம்பியின் உயரத்தை அக்கா தன் கைச்சாணால் அளந்து பார்த்தாள். அவன் மூன்று அடியைத் தாண்டியிருந்தான். "நான் பெரியவன்!" என்று இந்தியில் கூவி, தன் பயணச்சீட்டைத் தானே வாங்கி வைத்துக்கொண்டான்.

வண்டி புறப்பட்டதும் தந்தை கேள்விகளைத் தொடங்கினார். "தில்லியில் மெட்ரோ எந்த ஆண்டு ஓடத் தொடங்கியது? சொல் பார்ப்போம். 2002!" தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சற்று நேரம் கழித்துப் பாட்டி, யாரையும் பார்க்காமல், தமக்குத் தாமே பேசுவதுபோல், "நான் ஒன்றைப் பார்க்கிறேன். அது மிகவும் உயரம். அதற்கு வால் உண்டு. அது என்ன?" என்றார். தம்பியின் கண்கள் சன்னலுக்கு வெளியே தேடின. ஜண்டேவாலான் நிலையத்தை நெருங்கும்போது, 108 அடி உயர அனுமன் சிலை தண்டவாளத்தை ஒட்டி எழுந்து நின்றது. தம்பி வாய் திறக்கவில்லை. விரலால் சுட்டிக் காட்டினான். "கண்டுபிடித்துவிட்டான்!" என்று பாட்டி கைதட்டினார்.

இராமகிருஷ்ணா ஆசிரம சாலை நிலையம்வரை உயரத்தில் சென்ற வண்டி, அதன்பின் நிலத்துக்குள் இறங்கியது. வெளிச்சம் மறைந்ததும் தம்பி பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டான். ராஜீவ் சௌக் நிலையம் வரும்வரை அக்கை விலகவில்லை.

4. சாய்ந்த சுவரும் ஓடும் நிழலும்

ஜந்தர் மந்தர், வானத்தை ஆராய்வதற்காகக் கட்டப்பட்ட கூடம். ஜெய்ப்பூர் நகரை நிறுவிய மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் இதனை 1724ஆம் ஆண்டு அமைத்தார். ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய இடங்களிலும் அவர் இத்தகைய கூடங்களைக் கட்டினார். அவற்றுள் மதுராவில் இருந்தது இன்று இல்லை.

தில்லிக் கூடத்தில் எல்லாவற்றினும் உயர்ந்து நிற்பது சாம்ராட் யந்திரம். ஏறத்தாழ 70 அடி உயரமுள்ள இது ஒரு மாபெரும் நிழற்கடிகாரம். நடுவே சாய்வான சுவர் ஒன்று வடக்கு நோக்கி உயர்ந்து செல்கிறது. அதன் இருபுறமும் வில்போல் வளைந்த மேடைகள் உள்ளன. முற்பகலில் சுவரின் நிழல் மேற்கு வில்லிலும், பிற்பகலில் கிழக்கு வில்லிலும் விழும். நிழல் விழும் இடமே நேரத்தைக் காட்டும்.

"ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"கருவி பெரிதானால் அதன் மேல் இடும் கோடுகளுக்கு இடைவெளி கிடைக்கும். சிறு நேர வேறுபாட்டையும் பிரித்துப் பார்க்கலாம்" என்றார் தந்தை. பின் தம் உள்ளங்கையைச் சுவருக்கு இணையாகச் சாய்த்துக் காட்டினார். "இந்தச் சாய்வு தில்லியின் அட்சரேகைக்குச் சமம், ஏறத்தாழ 28½ பாகை. சுவரின் வழியே கோடு இழுத்தால் அது துருவ விண்மீனை நோக்கிச் செல்லும். இதையே கும்பகோணத்தில் கட்டினால் சாய்வு 11 பாகைதான் இருக்கும்."

பாட்டி தலையசைத்தார். "உண்மைதான். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் தென்னை மரங்களுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இங்கே மாடியிலிருந்து பார்த்தால் நன்றாக மேலே தெரிகிறது."

இவ்வுரையாடல் எதிலும் தம்பிக்கு ஈடுபாடு இல்லை. அவன் தன் தண்ணீர்க் குப்பியை, சுவரின் நிழல் முடியும் இடத்தில், நிழலுக்குள் வைத்துவிட்டு நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது குப்பி வெயிலில் நின்றது. அவன் யாரும் அதனைத் தொட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். குப்பியை மீண்டும் நிழலுக்குள் வைத்துவிட்டு, இம்முறை அருகிலேயே அமர்ந்து காவல் காத்தான். சற்று நேரத்தில் குப்பி மீண்டும் வெயிலுக்கு வந்தது.

அவன் அக்காவிடம் ஓடிவந்து, நிழல் ஓடிப்போகிறது என்று இந்தியில் கூறினான். வழக்கம்போல் மொழிபெயர்க்க வாயெடுத்த அக்கா, தன்னை அடக்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியவில்லையே. பாட்டிக்குத் தெரியும், அவரிடம் கேள்" என்றாள்.

தம்பி பாட்டியின் முன் போய் நின்றான். 'நிழல்' என்னும் சொல் அவனிடம் இல்லை. தரையைக் காட்டினான், குப்பியைக் காட்டினான். பின் பேசாமல் நின்றான். பாட்டி அவன் சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டார். ஆனால், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து நின்று, "என் நிழலை மிதி பார்ப்போம்!" என்று கூறிப் புல்வெளியில் இரண்டடி நகர்ந்தார். தம்பி பாய்ந்து மிதித்தான். "இப்போது உன் நிழலை நான் மிதிப்பேன்" என்றார் பாட்டி. தம்பி ஓடினான். அக்காவும் தாயும் சேர்ந்துகொண்டனர். ஐந்தே நிமிடத்தில், "அம்மா நிழல்! அக்கா நிழல்! பாட்டி நிழல்!" என்று தம்பியின் குரல் புல்வெளி எங்கும் கேட்டது. அச்சொல்லை யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. விளையாட்டுக்குத் தேவைப்பட்டதால் அவன் அதனை எடுத்துக்கொண்டான்.

5. பொம்மைகளின் வீடு

மதிய உணவுக்குப் பின் அவர்கள் பகதூர் ஷா ஜாபர் சாலையில் உள்ள சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தை அடைந்தனர். இதனை உருவாக்கியவர், 1902ஆம் ஆண்டு கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் கேசவ சங்கர் பிள்ளை. 1949ஆம் ஆண்டு அவர் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். அவர் நடத்திய போட்டிக்கு ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைப் பரிசாக வழங்கினார். அதன் அழகில் ஈடுபட்ட சங்கர், தாம் சென்ற நாடுகளிலிருந்தெல்லாம் பொம்மைகளைத் திரட்டத் தொடங்கினார். அத்தொகுப்பு வளர்ந்து, 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனால் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளுக்கு இஃது இல்லமாயிற்று.

ஆயிரக்கணக்கான பொம்மைகளை ஒரு குழந்தை பார்த்து முடிக்க இயலாது என்பதைத் தாய் அறிந்திருந்தார். ஆகவே, "தொப்பி அணிந்த பொம்மைகள் மூன்றைத் தேடு, இசைக்கருவி வைத்திருக்கும் பொம்மை ஒன்றைத் தேடு" என்று தம்பியிடம் கூறினார். தேட ஒரு பொருள் கிடைத்தவுடன் அவன் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியையும் கூர்ந்து நோக்கினான். பாட்டி அவனுக்குக் கொலுவைப் பற்றிக் கூறினார். "எங்கள் வீட்டிலும் நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை வைப்போம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளினால் விழாது, எழுந்து நிற்கும்" என்றார். தம்பி நம்ப மறுத்துத் தலையாட்டினான்.

ஒரு மணி நேரம் ஆனதும் தம்பி சோர்ந்து, தரையில் அமர்ந்து அழத் தொடங்கினான். இன்னும் பாதிக்கூடம் எஞ்சியிருந்தது. தந்தை நுழைவுச்சீட்டைப் பார்த்தார்; பின் மகனைப் பார்த்தார். "மீதியை அடுத்த முறை பார்ப்போம்" என்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். குழந்தை களைத்தபின் காட்டப்படும் எதுவும் அதன் மனத்தில் பதிவதில்லை. களைப்பு மட்டுமே பதியும்.

6. மொட்டை மாடியில் ஓர் ஆய்வு

மறுநாள் காலை மூடுபனி விலகியதும் அனைவரும் வெயில் காய மொட்டை மாடிக்குச் சென்றனர். தில்லிக் குளிரில் அஃது எல்லா வீடுகளிலும் காணும் வழக்கம். பாட்டி ஒரு பழைய பிளாஸ்டிக் பந்தின் அடியில் களிமண்ணை நிரப்பி, மேலே காகிதத் தலைப்பாகை ஒட்டி, தலையாட்டிப் பொம்மை ஒன்று செய்தார். அடிப்பகுதி கனமாகவும் வளைவாகவும் இருந்ததால், எத்தனை முறை தள்ளினாலும் அது நிமிர்ந்தது. தம்பி சிரித்துச் சிரித்து ஓய்ந்தான்.

அப்போது பொம்மையின் நிழலும் இடம் மாறுவதை அவன் கவனித்தான். சிறிது நேரம் அதையே பார்த்திருந்தான். பின் அக்காவைத் திரும்பிப் பாராமல், பாட்டியின் முழங்காலைத் தொட்டு, "பாட்டி, நிழல் ஏன் நகர்கிறது?" என்று கேட்டான்.

மாடியில் யாரும் பேசவில்லை. விடை சொல்லத் தந்தை ஆயத்தமானார். பாட்டி கையமர்த்தினார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று பேரனைக் கேட்டார்.

தம்பி எண்ணிப் பார்த்து, "அதற்குக் கால் இருக்கிறது" என்றான். யாரும் நகைக்கவில்லை.

"அப்படியானால் அது எவ்வழியே நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்" என்றார் பாட்டி.

தந்தை ஒரு மீட்டர் நீளமுள்ள கழியை இரு செங்கற்களுக்கு இடையே நிறுத்தினார். கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, கழி செங்குத்தாக நிற்பதை உறுதிசெய்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் தம்பி சுண்ணக்கட்டியால் குறியிட்டான். அக்கா அளவெடுத்து எழுதினாள். பாட்டி அவனுக்கு 'நெட்டை', 'குட்டை' என்னும் சொற்களைக் கொடுத்தார். "குட்டை ஆகிறது! இன்னும் குட்டை!" என்று அவன் ஒவ்வொரு முறையும் அறிவித்தான்.

நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குறுகியிருக்கும் என அக்கா எதிர்பார்த்தாள். ஆனால், 12.20க்கு இட்ட குறியே எல்லாவற்றினும் குட்டையாக இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 128 சென்டிமீட்டர். அதன்பின் நிழல் மீண்டும் வளர்ந்தது.

"கடிகாரம் தவறா, கதிரவன் தவறா?" என்று அக்கா கேட்டாள்.

இரண்டும் தவறில்லை. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. தில்லி அதற்கு மேற்கே ஏறத்தாழ 5¼ பாகை தள்ளி உள்ளது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே, தில்லியின் உச்சிப்பொழுது அந்நாள்களில் கடிகாரத்தின் 12 மணிக்கு ஏறத்தாழ 21 நிமிடம் பிந்தி வருகிறது. தந்தை இதனை விளக்கியபோது அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தம்பிக்கு அவ்விளக்கம் தேவைப்படவில்லை. கதிரவன் அந்தப் பக்கம் போனால் நிழல் இந்தப் பக்கம் வருகிறது என்பதைத் தன் இரு கைகளால் பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பாதிச் சொற்கள் தமிழாகவும் பாதிச் சொற்கள் இந்தியாகவும் இருந்தன. பாட்டிக்கு எல்லாம் புரிந்தன.

7. இரண்டு ஊர்கள், ஒரே கோல்

பாட்டி ஊர் திரும்பும் நாள் வந்தது. அக்காவின் மனத்தில் ஓர் அச்சம் இருந்தது. பாட்டி சென்றபின் தம்பி மீண்டும் பழையபடி ஆகிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு ஒரு வழி தோன்றியது. "பாட்டி, நீங்களும் ஒரு மீட்டர் கழி ஒன்றை நிறுத்துங்கள். பொங்கலன்று உச்சிப்பொழுதில் அங்கே நிழல் எவ்வளவு என்று தம்பியிடம் சொல்லுங்கள். இங்கே எவ்வளவு என்று அவன் உங்களிடம் சொல்வான்" என்றாள்.

பொங்கலன்று கைப்பேசி ஒலித்தது. தில்லியில் நிழல் ஏறத்தாழ 119 சென்டிமீட்டர். கும்பகோணத்தில் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். "பாட்டி, உங்கள் நிழல் குட்டை! என் நிழல் நெட்டை!" என்று தம்பி கூவினான்.

"ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் பார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள், உச்சிப்பொழுதில் என் கழியின் நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும்" என்றார் பாட்டி. கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் தில்லியில் ஒருநாளும் அவ்வாறு நிகழாது. அதற்குக் காரணம் கேட்கத் தம்பிக்கு இன்னொரு வினா கிடைத்துவிட்டது.

ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த எரட்டோஸ்தனீசு என்னும் அறிஞர், இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டே புவியின் சுற்றளவைக் கணித்தார். கரோல் பாக் மாடியிலும் கும்பகோணத்து முற்றத்திலும் நடந்தது அதே ஆய்வுதான். அந்த அறிஞர் நிழலால் புவியை அளந்தார். ஒரு பேரனும் பாட்டியும் அதே நிழலைக் கொண்டு தமக்கு இடையே பேச்சை வளர்த்தனர்.

அறிந்துகொள்வோம்

இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி, 1939ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துத் திரும்ப எண்ணியிருந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946ஆம் ஆண்டுவரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். சிறு குழந்தை கைகளால் தொட்டும் செய்தும் கற்கிறது என்பதும், பெரியவர்கள் அதற்குத் தக்க சூழலை அமைத்துவிட்டு, குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கைகள்.

சிறு குழந்தையுடன் வெளியே செல்லும்போது

• ஒரு நாளில் ஓரிரு இடங்கள் போதும்.
• "பார்" என்று சொல்வதைவிட "தேடு" என்று சொல்லுங்கள்.
• குழந்தை கேட்கும் வினாவுக்கு உடனே விடை கூறாதீர்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.
• குழந்தை களைக்கும் முன் திரும்புங்கள்.
• வெளியே கண்டதை வீட்டில் கைகளால் செய்து பாருங்கள்.
• குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் இடையே நீங்கள் பேசாதீர்கள்; அவர்களைப் பேச விடுங்கள்.

அருஞ்சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
எஞ்சின – மீதம் இருந்தன
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
அட்சரேகை – நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள தொலைவைக் குறிக்கும் கற்பனைக் கோடு
தீர்க்கரேகை – வடக்குத் தெற்காகச் செல்லும் கற்பனைக் கோடு
உச்சிப்பொழுது – நண்பகல்
கையமர்த்தினார் – பேச வேண்டா எனக் கையால் குறிப்புக் காட்டினார்

மொழியோடு விளையாடுவோம்: வினா எழுத்துகள்

வினாப்பொருளை உணர்த்தும் எழுத்துகள் வினா எழுத்துகள் எனப்படும். அவை எ, யா, ஆ, ஓ, ஏ என ஐந்தாகும்.

எ, யா – சொல்லின் முதலில் வரும். (எங்கே, யார்)
ஆ, ஓ – சொல்லின் இறுதியில் வரும். (நிழலா, வெயிலோ)
ஏ – முதலிலும் இறுதியிலும் வரும். (ஏன், நீதானே)

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. தில்லி ஜந்தர் மந்தர் அமைக்கப்பட்ட ஆண்டு ________.
2. சாம்ராட் யந்திரத்தின் சாய்வு தில்லியின் ________க்குச் சமம்.
3. பொம்மை அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் ________.
4. புவி ஒரு பாகை சுழல ________ நிமிடம் ஆகும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. தம்பி பாட்டியிடம் பேசுவதை ஏன் விட்டுவிட்டான்?
2. 'நிழல்' என்னும் சொல்லைத் தம்பி எவ்வாறு கற்றான்?
3. தலையாட்டிப் பொம்மை தள்ளினாலும் எழுந்து நிற்பது ஏன்?
4. தில்லியில் உச்சிப்பொழுது 12 மணிக்குப் பிந்தி வரக் காரணம் யாது?

இ. விரிவாக விடையளிக்க.

1. ஜந்தர் மந்தரில் அக்கா மொழிபெயர்க்காமல் இருந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. தந்தையின் கேள்விகளுக்கும் பாட்டியின் கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்திலிருந்து எடுத்துக்காட்டி விளக்குக.

ஈ. பின்வரும் தொடர்களில் உள்ள வினாச்சொற்களையும் வினா எழுத்துகளையும் எடுத்து எழுதுக.

1. நிழல் ஏன் நகர்கிறது?
2. கடிகாரம் தவறா, கதிரவன் தவறா?
3. எத்தனை இடம் நடக்கும்?

உ. விடுகதைக்கு விடை காண்க. இதுபோல் ஒன்று நீங்களே இயற்றுக.

கூடவே வருவான், கூப்பிட்டால் பேசான். விளக்கை அணைத்தால் விடைபெற்றுப் போவான். அவன் யார்?

செயல்திட்டம்

1. ஒரு மீட்டர் கழியை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி, முற்பகல் 11.40 முதல் பிற்பகல் 1 மணிவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து அட்டவணைப்படுத்துக. (கதிரவனை நேராகப் பார்த்தல் கூடாது.)

2. பாடத்தில் உள்ள பொங்கல் நாள் அளவுகளைக் கொண்டு, 1 மீட்டரை 10 சென்டிமீட்டராகச் சுருக்கி இரண்டு செங்கோண முக்கோணங்கள் வரைக. கழியின் நுனியில் அமையும் கோணத்தைக் கோணமானியால் அளக்க. இரு கோணங்களின் வேறுபாடு, இரண்டு ஊர்களின் அட்சரேகை வேறுபாட்டுக்குச் சமமாக இருக்கும். தில்லிக்கும் கும்பகோணத்துக்கும் தெற்கு வடக்கான தொலைவு ஏறத்தாழ 1,960 கிலோமீட்டர். 360 பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் எனக் கணக்கிட்டுப் பார்க்க.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு சிறு குழந்தையுடன் அரை மணி நேரம் நடந்து வருக. குழந்தை கேட்ட வினாக்களை மட்டும், அது கேட்ட சொற்களிலேயே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.